குழியை மூடிய பிறகுதான் மற்றதெல்லாமா?

“முதல்ல குழியை மூடுங்க. அப்புறம் வேக வரம்பு, நடைபாதை, சைக்கிள் பாதையெல்லாம் பேசலாம்.” சென்னையில் சாலையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் சற்று நேரத்தில் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் வருகிறது, தொலைக்காட்சி விவாதத்தில் வருகிறது, டீக்கடை பெஞ்சிலும் வருகிறது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை புதிய வேக வரம்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும் இதே குரல் கேட்டது. கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு மணிக்கு 60 கி.மீ., கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியானாலும் 30. அந்த அறிவிப்பு சொன்னது இவ்வளவுதான்.

மழை விட்ட கையோடு வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ டூவீலர் ஓட்டியவருக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபம் நியாயமானது. அதன்மேல் கட்டியிருக்கும் வாதம்தான் தவறு. சாலைப் பராமரிப்பு, வேகக் கட்டுப்பாடு, நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று மோதும் செலவுகளாக அது நிறுத்துகிறது. மூன்றும் ஒரே வேலையின் பகுதிகள். அவற்றைப் பிரித்துப் பிரித்துச் செய்வதால்தான் மூடிய குழியே அடுத்த மழையில் திரும்பவும் வாய் பிளக்கிறது. அந்த வாதத்தைத் தாங்கி நிற்கும் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“உயிரை எடுப்பது மோசமான ரோடுதான், வேகம் இல்லை” என்பது முதல் கூற்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022ஆம் ஆண்டு விபத்து அறிக்கையின்படி, அந்த ஆண்டில் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். குழிகளால் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள் 1,856 பேர். அதிவேகத்தால் இறந்ததாகப் பதிவானவர்கள் 1,19,904 பேர். நூற்றுக்கு எழுபத்தொரு பேர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 64,105 விபத்துகள் நடந்தன, 17,884 பேர் மாண்டார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் தகவல் அறிக்கை எழுதும் காவலருக்கு ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதுவது பழகிப்போன ஒன்று. சாலையை அமைத்தவர் மீது குறை காணும் வழக்கம் நம் காவல் நிலையங்களில் இல்லை. ஆகவே குழியின் பங்கு குறைத்துத்தான் பதிவாகியிருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அதை ஐந்து மடங்காக உயர்த்தினால்கூட மொத்த மரணங்களில் இருபதில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அமைச்சகத்தின் அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: விபத்துகளில் 67 சதவீதம் நேரான சாலையில் நடக்கின்றன. வளைவும் ஏற்ற இறக்கமும் குழியும் ஓட்டுபவரை எச்சரிக்கின்றன. நேராகவும் வழவழப்பாகவும் இருக்கும் சாலை அவர் காலை ஆக்சிலரேட்டரில் அழுத்தச் சொல்கிறது. புதிதாகத் தார் போட்ட தெருவில் குடியிருப்பவர்கள் அடுத்த வாரமே கவுன்சிலரிடம் போய் “ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட்டுக் கொடுங்க” என்று கேட்பதை யார் பார்த்ததில்லை? குழி இருந்தவரை பயமில்லாமல் தெருவில் விளையாடிய பிள்ளைகளை, குழி மூடிய பிறகு வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நல்ல சாலை வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் வேகத்தைக் கவனிக்காமல் சாலையை மட்டும் சரிசெய்வது ஆபத்தைக் கூட்டும்.

2022இல் இறந்தவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதத்தினர் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அருகில் வரும் இந்தக் கூட்டத்துக்குத்தான் “அப்புறம் பார்க்கலாம்” என்று பதில் சொல்கிறோம்.

அடுத்தது, “முப்பதில் போனால் எப்போது போய்ச் சேருவது?” முப்பது கிலோமீட்டர் என்பது குடியிருப்புத் தெருவுக்கான வரம்பு. அண்ணா சாலைக்கோ நூறடிச் சாலைக்கோ அது பொருந்தாது. வீட்டிலிருந்து பிரதான சாலைக்கு அரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தை 50 கி.மீ. வேகத்தில் கடக்க 36 வினாடி, 30 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடம். இழப்பு 24 வினாடி. அதுவும் வழியில் குறுக்கே மாடோ தண்ணீர் லாரியோ வராமல், எங்கேயும் பிரேக் போடாமல் ஓட்டினால்தான். பிரதான சாலைக்கு வந்ததும் முதல் சிக்னலில் நிற்கும் நேரம் அதைவிட அதிகம்.

அந்த 24 வினாடிக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? குழந்தை ஒன்று நிறுத்தி வைத்த வேனுக்குப் பின்னாலிருந்து ஓடிவருகிறது. ஓட்டுபவர் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. காய்ந்த சாலை, நல்ல பிரேக் என்றால் 30 கி.மீ. வேகத்தில் வந்த வண்டி சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வந்த வண்டி அந்த ஒரு வினாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடுகிறது. முதல் வண்டி முழுமையாக நின்ற இடத்தில் இரண்டாவது வண்டியின் பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கவில்லை. குழந்தையை அது முழு வேகத்தோடு மோதும். அந்த மோதலின் ஆற்றல் 30 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இது பள்ளிக்கூட இயற்பியல். இதில் அரசியல் எதுவுமில்லை.

இங்கே மத்திய அரசின் கொள்கையையும் சொல்ல வேண்டும். 2018 ஏப்ரலில் வந்த அறிவிக்கை, விரைவுச் சாலைகளில் கார்களின் உச்ச வேகத்தை 120 கி.மீ. என்றும், நகராட்சி எல்லைக்குள் 70 கி.மீ. என்றும் வைத்தது. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சாலையும் இஞ்சினும் மேம்பட்டுவிட்டதால் வேகத்தைக் கூட்டலாம் என்ற அரசின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்காதது சரியே. இஞ்சின் எவ்வளவு மேம்பட்டாலும் தெருவைக் கடக்கும் கிழவியின் எலும்பு மேம்படவில்லை.

“போர்டு வைத்துவிட்டால் மட்டும் கேட்பார்களா?” என்ற கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. வெறும் போர்டு போதாது. ஆனால் பயனே இல்லை என்பதும் சரியில்லை. 2023 செப்டம்பர் 17 அன்று பிரிட்டனின் வேல்ஸ் நாடு, வீடுகள் நிறைந்த சாலைகளின் பொது வேக வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது சுமார் 48 கி.மீட்டரிலிருந்து 32 கி.மீட்டராகக் குறைத்தது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. முப்பது லட்சம் பேர் வாழும் நாட்டில் எதிர்ப்பு மனுவில் பதிவான கையெழுத்துகள் 4.6 லட்சத்துக்கு மேல். சில சாலைகளில் பழைய வரம்புக்குத் திரும்பலாம் என்று அரசும் பின்னர் இறங்கி வந்தது. ஆனால் அந்தச் சாலைகளில் அடிபட்டவர்கள், இறந்தவர்களின் எண்ணிக்கை முதல் ஆண்டில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அங்கேயும் எல்லோரும் வரம்பை அப்படியே மதித்துவிடவில்லை. சராசரி வேகம் கொஞ்சம் இறங்கியதற்கே இந்தப் பலன்.

போர்டு செய்யாததைச் சாலையின் வடிவம் செய்யும். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்திய சாலைப் பேராயத்தின் தரவரையறை இருக்கிறது: பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு. 25 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு அது இடுப்பை உடைக்காது. நம் தெருக்களில் இருப்பவையோ மிஞ்சிய தார்க் கலவையை ஒரு முழ அகலத்துக்குக் குவித்து விட்டவை. வெள்ளைக் கோடு இருக்காது, விளக்கு இருக்காது. இரவில் தெரியாமல் ஏறி விழுந்து முதுகெலும்பு போனவர்கள் எத்தனை பேர்! மேட்டைச் சரியாக அமைப்பதும் சாலைப் பராமரிப்புதான். அது வேறு துறையின் வேறு வேலை என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இனி எல்லாவற்றிலும் பெரிய கூற்றுக்கு வருகிறேன். “நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் கொட்டும் பணத்தில் ரோட்டைப் போட்டிருக்கலாம்.” இதைச் சொல்பவர் சாலை ஏன் கெடுகிறது என்று கேட்டுப் பார்க்கவில்லை. பணம் போடாததால் மட்டும் சென்னைச் சாலை கெடுவதில்லை. சென்னை மாநகராட்சி பராமரிக்கும் பேருந்துத் தடச் சாலைகள் சுமார் 387 கி.மீ., உட்புறச் சாலைகள் 5,200 கி.மீட்டருக்கு மேல். இவற்றுக்குத் தார் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். போட்ட தார் நிற்பதில்லை. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது தண்ணீர். தார் ஜல்லியைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் சாலை. தண்ணீர் தேங்கி நின்றால் தாருக்கும் ஜல்லிக்கும் இடையே இறங்கிப் பிடியை விடுவிக்கிறது. அடுத்து வரும் பேருந்துச் சக்கரம் ஜல்லியைப் பெயர்த்து வீசுகிறது. நடுவில் சற்று உயர்ந்து இரு ஓரமும் சரிந்திருந்தால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடும். ஓரத்தில் வடிகாலின் வாய் திறந்திருந்தால் உள்ளே இறங்கும். நாமோ பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டி, வீட்டு வாசலைவிடத் தெருவை உயர்த்தி, வடிகால் வாயை மூடிவிட்டோம். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். மிக நல்ல உத்தரவு. அது மீறப்படும் தெருக்களை இன்றும் காணலாம். சரியாகக் கட்டிய நடைபாதைக்கு ஒரு விளிம்புக் கல் உண்டு. அந்தக் கல்லை ஒட்டித்தான் தண்ணீர் ஓடி வடிகாலுக்குள் விழும். சாலை மட்டத்தை யாரும் ஏற்றிவிடாமல் காட்டிக்கொடுக்கும் அளவுகோலும் அந்தக் கல்தான். நடைபாதையில்லாத தெருவில் தாருக்கும் மண்ணுக்கும் இடையே எல்லையே இல்லை. ஓரம் உடைந்து உடைந்து உள்ளே வருகிறது.

இரண்டாவது காரணம் தோண்டுதல். குடிநீர்க் குழாய்க்கு ஒரு துறை, கழிவுநீர் இணைப்புக்கு வீட்டுக்காரர், மின் கேபிளுக்கு ஒரு துறை, இணைய ஃபைபருக்கு நான்கைந்து நிறுவனங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து நடுச்சாலையை வெட்டுகிறார்கள். வெட்டிய பள்ளத்தில் மண்ணை அப்படியே தள்ளி மேலே ஜல்லிப்பொடியைத் தூவிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அது அமுங்குகிறது. நாம் குழி என்று சொல்வதில் கணிசமானவை சரியாக மூடாத இந்த வெட்டுகள்தான். இதற்கு விடை நடைபாதையின் அடியில் இருக்கிறது. பெங்களூரில் டெண்டர்ஷூர் திட்டத்தில் ரெசிடென்சி சாலை, ரிச்மண்ட் சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை, கன்னிங்ஹாம் சாலை ஆகியவற்றைத் திருத்தியபோது, குழாய்களுக்கும் கேபிள்களுக்கும் நடைபாதையின் அடியில் தனி வழிகள் அமைத்தார்கள். புதிய கேபிள் வந்தால் தாரைத் தொடாமல் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். தொடக்கச் செலவு அதிகம் என்று அன்றைக்குக் கடுமையாகக் குறை சொன்னார்கள். வெட்டுவதும் மூடுவதுமாக ஆண்டுதோறும் செலவாகும் பணத்தை குறை சொன்னவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. நடைபாதைக்குப் போகும் பணத்தில் பெரும் பங்கு சாலையைக் காப்பாற்றும் பணம்.

மூன்றாவது எடை. அது அடுத்த கூற்றோடு சேர்ந்தது: “நாங்கள் ரோடு டாக்ஸ் கட்டுகிறோம். சைக்கிள்காரன் என்ன கட்டுகிறான்?”

தமிழ்நாட்டில் வண்டிக்குக் கட்டும் ஆயுள் வரி மாநில அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. உங்கள் தெருவுக்கென்று அது எடுத்து வைக்கப்படுவதில்லை. உள்தெருச் சாலைக்கான பணம் சொத்து வரியிலிருந்தும், மாநில அரசு தரும் பங்கு, மானியங்களிலிருந்தும் வருகிறது. சொத்து வரியை வீட்டுக்காரர் கட்டுகிறார், வாடகைக்காரர் வாடகை வழியாகக் கட்டுகிறார். நடந்து போகும் வீட்டு வேலைக்காரப் பெண் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. ஆகவே சாலைக்குப் பணம் கொடுக்காதவர் என்று ஊரில் ஒருவரும் இல்லை.

சாலையைக் கெடுப்பவர் யார் என்ற கணக்கைப் போட்டால் வாதம் தலைகீழாகும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலைகளை அமைத்து, வெவ்வேறு எடையுள்ள லாரிகளை மாதக்கணக்கில் அவற்றின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். உலகெங்கும் சாலைப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்தும் தோராய விதி அதிலிருந்து பிறந்தது: அச்சின்மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டல்ல, பதினாறு மடங்கு. எடையின் நான்காம் அடுக்கில் சேதம் ஏறுகிறது. காரின் ஓர் அச்சு, ஆளோடு சேர்ந்த சைக்கிளின் அச்சைப் போலப் பத்து மடங்கு எடை என்று கொண்டால், சேதம் பத்தாயிரம் மடங்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு சக்கரங்கள் கொண்ட லாரி அச்சுக்கு அனுமதித்த எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடை கூடியது 13 சதவீதம்கூட இல்லை. அதே விதிப்படி சேதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. குழிக்காகக் கோபப்படுபவர்கள் அந்த முடிவுக்கு எதிராகக் குரல் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. சைக்கிளில் போகும் ஒவ்வொருவரும் சாலையின் ஆயுளுக்குத் துளியும் தீங்கு செய்யாதவர். அவரை அதில் தொடர்ந்து போகச் செய்வதுதான் சிக்கனம்.

“இந்தக் காலத்தில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?” இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேட்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து லட்சம் விலையில்லா மிதிவண்டிகளை மாநில அரசுதான் கொடுக்கிறது. 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி மற்றவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. ஆட்சிகள் மாறியும் நின்றுபோகவில்லை. அதற்கும் முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. கல்குவாரிக் கூலிப் பெண்களும் அங்கன்வாடிப் பெண்களும் பாவாடை தாவணியோடும் சேலையோடும் மிதித்தார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் வேலைக்கும் போய்வந்தார்கள். வண்டியைக் கையில் கொடுத்த அரசு, அதை ஓட்டிப் போகப் பாதுகாப்பான ஓரத்தைக் கொடுக்கவில்லை. பதினாறு வயதுப் பெண் அரசு கொடுத்த சைக்கிளில் மாநில நெடுஞ்சாலையின் ஓரத்து மண்ணில், டிப்பர் லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே பள்ளிக்குப் போகிறாள். பிறகு அந்தச் சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கிறது. உடனே “யாரும் ஓட்டுவதில்லை” என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் விவசாயம் சாராத தொழிலாளர்களில் 13 சதவீதத்தினர் வேலைக்குச் சைக்கிளில் போவதாகவும் 22 சதவீதத்துக்கு மேற்பட்டோர் நடந்து போவதாகவும் சொன்னார்கள். காலை ஐந்தரைக்குச் சென்னையின் எந்தச் சாலையிலும் நின்று பாருங்கள்: பால் பாக்கெட் போடுபவர், பேப்பர் போடுபவர், ஷிஃப்ட் முடிந்து திரும்பும் காவலாளி. அவர்கள் பத்து மணிக்கு விவாதம் நடக்கும் அறைக்கு வருவதில்லை.

வெயில் என்பார்கள். ஸ்பெயினின் செவில் நகரில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். 2006க்குப் பிறகு அங்கே துண்டு துண்டாகப் போடாமல் ஒன்றோடொன்று இணைந்த 80 கி.மீ. சைக்கிள் பாதையை ஒரே மூச்சில் அமைத்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். சில ஆண்டுகளிலேயே சைக்கிள் பயணங்கள் பல மடங்கு பெருகின. நம் ஊரில் சைக்கிள் பாதை என்று நூறு மீட்டர் பச்சைச் சாயம் பூசி, அதில் கார்களை நிறுத்த விட்டு, பிறகு தோற்றுவிட்டது என்கிறோம். எங்கேயும் போய்ச் சேராத பாதையில் எவரும் போகமாட்டார். மேலும், குடியிருப்புத் தெருக்களில் 30 கி.மீ. வரம்பு உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தால் அங்கே தனிப் பாதையே தேவைப்படாது. அந்த வேகத்தில் காரும் சைக்கிளும் ஒரே தாரில் போகலாம். செலவில்லாத சைக்கிள் பாதை அதுதான்.

சென்னை மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவோம் என்றது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறி அதனால் உயிர்போனால் அதிகாரிகளுக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான நடைபாதை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. காகிதத்தில் குறையில்லை. ‘முதலில் குழி’ என்ற வாதம் இந்தக் காகிதங்கள் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்கிறது. ஆட்சியில் யார் இருந்தாலும் அவர்களுக்கு வசதியான வாதம் அது.

உங்கள் தெருவுக்குப் புதிய சாலை போடும் மதிப்பீடு தயாராகும்போது ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள். பழைய பரப்பைச் சுரண்டுவது அதில் இருக்கிறதா, வடிகால் வாய்கள் இருக்கின்றனவா, குழாய்க்கும் கேபிளுக்கும் ஓரத்தில் வழி விட்டிருக்கிறார்களா, நடைபாதைக்குத் தடையில்லாத 1.8 மீட்டர் அகலம் இருக்கிறதா, பள்ளிக்கூட வாசலில் மேடான கடவை இருக்கிறதா, தெரு முனையில் 30 என்ற பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை உத்தரவு போவதற்கு முன்பே கேளுங்கள். தார் காய்ந்த பிறகு கேட்டால், அடுத்த சாலை வரும்வரை சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வார்கள்.